சாம்பல் பூசிய பதினான்கு வளையங்கள்

பெயர்: ஹயசிந்த் ஒலிவியேர். தகப்பனார் பெயர்: ஆல்ஃபியஸ் ஒலிவியேர், காலஞ்சென்றவர். வயது: நாற்பத்து நான்கு. விலாசம்: மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, ஹார்பர் முனை, பெட்டிட் கலபாஷ் தீவு. தொழில்: மேட்டு வில்லாவின் பராமரிப்பாளர், அத்துடன் ஊராட்சிக்காக வருஷம் ஒருமுறை மரங்களுக்கு வளையம் பூசுபவர். தேதி: 2019 ஜூலை 8, திங்கட்கிழமை, காலை பத்து மணி.

முதல் வரியில் உள்ள பெயரை எழுதவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பத்தொன்பது வயதில், படகிலிருந்து மூன்றடுக்குக் கல்யாணக் கேக் ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தபோது, படகுத்துறையில் பலகை இல்லாத இடத்தில் கால் வைத்துக் கேக்கோடு கடலில் விழுந்தேன். ஜனங்கள் முதலில் கேக்கைத்தான் தூக்கினார்கள். அன்றிலிருந்து இந்தத் தீவில் என் பெயர் கேக். என் மகளைக் குட்டிக் கேக் என்பார்கள். ஆகவே கார்ப்பரல் அன்செல்மா ஸ்னாக் அவர்கள், “கேக்குன்னு எழுதாத, ஞானஸ்நானப் பேர எழுது” என்றதும் நான் எழுதிக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஹயசிந்தா? அது எங்க சின்னம்மா பேராச்சே!”

போலீஸ் நிலையத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு சட்டை துவைப்பில் இருந்ததால் வில்லாச் சட்டையில்தான் வந்திருந்தேன். அதன் மார்பில் தங்க நூலால் ‘அனுபவ அமைப்பாளர்’ என்று தைத்திருக்கிறது. அதற்கும் சிரித்தார்கள்.

கார்ப்பரல் என் மனைவியின் பெரியம்மா மகள். அதனால் இதை அவர் எழுதவில்லை. “நான் எழுதினா நாளைக்கு வக்கீல் என் வாயப் பிடுங்குவான். நீயே எழுது. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன். நாலு வரி போதும். பெலிக்கன் குடாவுல எல்லா மரத்துலயும் வளையம் இருந்துச்சு, பூசினவன் நான், அவ்வளவுதான். ஃபைல மூடிடலாம்” என்று ஒரு தாள் கொடுத்தார். நான் இன்னும் ஆறு தாள் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு, தாள்களை எடுத்துக் கொடுத்தார். பின்பு, “மாஜிஸ்திரேட் பெரிய தீவுக்காரர். நம்ம மரம் மட்டையெல்லாம் அவருக்குத் தெரியாது. புரியற மாதிரி எழுது” என்றார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துப்பிழைகளுக்கும் நானே பொறுப்பு.

மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெலிக்கன் குடாவின் வடக்குப் பக்கம் பதினான்கு மான்சினீல் மரங்கள் உண்டு. அதன் பால் உடம்பில் பட்டால் கொதிநீர் பட்டதுபோல் கொப்புளிக்கும். பழம் குட்டி ஆப்பிள் போல இனித்து, பிறகு தொண்டையை அடைக்கும். மழை நேரத்தில் அதன் அடியில் நிற்கவே கூடாது, இலையிலிருந்து வடியும் தண்ணீரும் சுடும். பக்கத்திலேயே கடல்திராட்சை மரங்கள் இருக்கின்றன, அவை சாது. தெரியாதவர்களுக்கு எல்லாம் ஒரே பச்சை. ஆகவே மான்சினீல் மரம் ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் சிவப்பு வளையம் பூசுவது வழக்கம். பன்னிரண்டு வருஷமாக ஜூன் மாதம் பூசி வருகிறவன் நான்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. ஊராட்சி கொடுத்த வாசகம் ‘சிவப்பு வளையம், தள்ளி நில்’ என்பது மட்டுமே. அது பாதிப் பாட்டுப் போல இருந்ததால் நானே மீதியைக் கட்டினேன். ‘சிவப்பு வளையம், தள்ளி நில், வளையம் இல்லை, ஒட்டி நில்.’ பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. என் மகள் கெசியா பேசத் தொடங்கிய புதிதில் இதைத்தான் பாடித் திரிந்தாள். இந்தத் தீவின் பிள்ளைகளுக்கு இப்போது இலை தெரியாது, பட்டை தெரியாது, வளையம்தான் தெரியும். இரண்டாம் பாதி என் சொந்தச் சரக்கு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த வருஷம் மார்ச் மாதம், திருமதி ஆல்டிங்டன் என்ற அம்மாள் தொலைபேசியில் பேசினார். பனி பெய்யும் ஊரில் இருந்துகொண்டு பணக்காரர்களுக்கு விடுமுறை திட்டமிட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஒரு தம்பதியின் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காகப் பதினொரு பேர் ஜூன் 14 முதல் பன்னிரண்டு நாள் வில்லாவில் தங்குவார்கள் என்றும், அந்தத் தம்பதியின் பெயரை எனக்குச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதன் பிறகு அறுபத்து மூன்று விஷயம் கொண்ட பட்டியல் வந்தது. ஏழு விதத் தலையணை வேண்டும் என்று இருந்தது. வந்து சேர்ந்ததும் ஏழிலும் படுத்துப் பார்த்தேன், ஏழிலும் தூங்கிவிட்டேன். கடல்நீரின் சூடு தினமும் எழுதி அனுப்ப வேண்டும் என்று இருந்தது. என் மனைவி வெர்லின் கொய்யா ஜாம் காய்ச்சும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் இடுப்பளவு நின்று பார்த்தேன். மீன்காரர்கள் கரையில் நின்று, “என்ன கேக்கு, கடலுக்கு ஜுரமா?” என்று கேட்டார்கள்.

விடியற்காலையில் சேவல் கூவக் கூடாது என்றும் பட்டியலில் இருந்தது. வில்லாவைச் சுற்றியுள்ள வீடுகளில் கெஞ்சிக் கூத்தாடிப் பதிமூன்று சேவல்களை வாங்கிவந்து என் வீட்டுக் கொல்லையில் அடைத்தேன். அன்றிலிருந்து என் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. “முகம் தெரியாத சீமாட்டி தூங்கணும், நான் முழிச்சுக் கெடக்கணும். அனுபவ அமைப்பாளராம்! பதினாறு வருஷத்துல எனக்கு ஒரு அனுபவம் அமைச்சுக் குடுத்திருப்பியா?” என்று வெர்லின் கேட்டாள். கெசியா ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு பிரசங்கியார் பெயர் வைத்து, எது முதலில் தொடங்குகிறது என்று எழுதி வைத்தாள். அவளுக்குப் பதினொரு வயது. எதையும் பார்த்துச் சரியாக எழுதி வைக்கிற பிள்ளை. இது பின்னால் வருவதால் சொல்கிறேன்.

வில்லாச் சொந்தக்காரர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. விருந்தாளியிடமோ அவர்கள் ஆட்களிடமோ ‘இல்லை’ என்ற சொல் கூடாது. சுறா, கொசு, புயல், விஷம் இந்த நான்கு சொற்களும் கூடாது. அதனால் நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். ஒருநாள் அந்த அம்மாள், “சூரியன் ஆறரைக்கு மறையும்னு எழுதியிருக்கீங்க. அவங்க ஏழரைக்குத்தான் சாப்பிட உட்காருவாங்க. ஒரு மணி நேரம் தள்ளி வெக்க முடியுமா?” என்றார். “பிரச்சனை இல்ல, மேடம்” என்றேன். அவர் தள்ளி வைக்கச் சொன்னது சாப்பாட்டையா சூரியனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அடுத்ததைச் சொல்லவில்லை.

மே 29ஆம் தேதி கடற்கரைப் படங்களை அவருக்கு அனுப்பினேன். அன்று பிற்பகலே கூப்பிட்டார்.

“மரத்துக்கெல்லாம் எதுக்கு சிவப்பு பெல்ட் மாட்டியிருக்கீங்க?”

“அது ஒரு அடையாளம், மேடம்.”

“என்ன அடையாளம்?”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் வேறு தீவைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். தங்க நூல் சட்டை வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. “ஊராட்சி அடையாளம், மேடம்” என்றேன்.

“படத்துல புண்ணு மாதிரி உறுத்துது. எடுத்துடுங்க.”

“பிரச்சனை இல்ல, மேடம்.”

அந்த அம்மாள்மேல் குற்றம் இல்லை. அவருக்கு மரம் தெரியாது. தெரிந்தவன் நான்.

ஜூன் 3, திங்கட்கிழமை காலை, கறுப்பும் வெள்ளையும் கொஞ்சம் காவியும் கலந்து மரப்பட்டை நிறத்தில் சாயம் தயாரித்தேன். இரண்டு முறை சரிவரவில்லை, மூன்றாம் முறை அச்சாக வந்தது. பதினான்கு வளையங்களையும் மூடிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். எது மான்சினீல் என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. என் கைவேலையை நினைத்துப் பெருமைப்பட்டேன். அதன் பிறகு குடாவுக்கு வரும் பாதையில் கயிறு கட்டி, ‘பராமரிப்பு வேலை நடக்கிறது’ என்று அட்டை தொங்கவிட்டேன். எங்கள் தீவில் கடற்கரை எல்லோருக்கும் பொது, யாரும் மறிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். விருந்தாளிகளின் நாற்காலிகளைக் கடல்திராட்சைப் பக்கம் போட்டு, நானே காவல் நிற்பது என்று திட்டம் வைத்திருந்தேன். விருந்தாளிகளுக்குத் திட்டம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன திட்டம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 12ஆம் தேதி திருமதி ஆல்டிங்டன் கூப்பிட்டு, விருந்தாளிகள் வரவில்லை, வேறு தீவுக்குப் போகிறார்கள் என்றார்.

“அங்க ஃபிளமிங்கோ இருக்காம்.”

“நம்மகிட்ட பெலிக்கன் இருக்கு, மேடம்.”

“தெரியும்” என்றார். அதன் பிறகு, “அக்டோபர்ல இன்னொரு குடும்பம் வரலாம். எல்லாத்தையும் அப்படியே வெச்சிருங்க” என்றார். அதற்கும் என் பதில் அதே பதில்தான்.

மீன்காரர்கள் சத்தம் போட்டதால் மறுநாள் கயிற்றை அவிழ்த்தேன். வளையங்களை அப்படியே விட்டேன். ஜூன் 20, வியாழக்கிழமைப் படகில் வருஷாந்திரச் சிவப்புச் சாய டின் வந்தது. அதைச் சமையலறைத் தொட்டியின் கீழே வைத்தேன். சனிக்கிழமை பூசிவிடுவது என்று இருந்தேன். சனிக்கிழமை சேவல்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒரே சேவலை மூன்று வீட்டார் தங்களுடையது என்றார்கள், அந்தப் பஞ்சாயத்து இருட்டும்வரை நடந்தது. அதன் பிறகு வந்த நாட்களில் எந்தக் காரணமும் இல்லை. அக்டோபரில் மறுபடியும் மூடத்தானே வேண்டும், இரண்டு வேலை எதற்கு என்று மனதுக்குள் ஒரு மூலையில் இருந்தது. வெர்லின் இரண்டு முறை, “இந்த டின்னு என் காலுல இடிக்குது” என்றாள். எட்டு நாள் அந்த டின் அங்கே இருந்தது.

ஜூன் 28, வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் முடியப்போவதால் கடற்கரைச் சமையலுக்குப் பிள்ளைகளை மிஸ் பிரெஸ்காட் அழைத்துப் போனார். அவர் பெரிய தீவிலிருந்து இந்த வருஷம் வந்த ஆசிரியை, இருபத்து நான்கு வயது இருக்கும். எந்தக் கடற்கரை என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரியும். காலையில் கெசியா ஒரு சீமைப்பலாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “டாடி, பெலிக்கன் குடாவுக்குப் போறோம். ஆயில் டவுன் வாசன மேட்டு வில்லா வரைக்கும் வரும் பாரு. பொறாமப்படாத” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆயில் டவுனில் சீமைப்பலா வேகும் தேங்காய்ப்பாலை நினைத்தேன், மரத்தை நினைக்கவில்லை. அது உண்மை.

நடந்ததை நான் பார்க்கவில்லை. மிஸ் பிரெஸ்காட்டும் பிள்ளைகளும் சொன்னபடி எழுதுகிறேன். பதினொன்றரை மணிக்குப் பெருமழை வந்தது. மிஸ் பெரும்பாலான பிள்ளைகளைப் படகுக் கொட்டகைக்கு ஓட்டிப் போனார். நான்கு சின்னப் பிள்ளைகள் பின்தங்கி, கொட்டகை தூரம் என்பதால் மரங்களின் பக்கம் ஓடினார்கள். கெசியா அவர்கள் பின்னால் ஓடி, முதலில் அவர்களை நிறுத்தி, “இருங்க, நான் பாக்கறேன், நான் கேக்கோட மக” என்று சொல்லி, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “வளையம் இல்ல, ஒட்டி நில்லுங்க” என்றாளாம். இலைகளுக்கு ஊடே தண்ணீர் ஒழுகியதால், கையில் இருந்த பெரிய சமையல் பானையின் மூடியை நான்கு பேர் தலைக்கும் மேலே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவர்களில் சின்னவள் மார்வாவுக்கு ஆறு வயது. மூடியில் விழுந்த தண்ணீர் வழிந்து கெசியாவின் முகத்தில் விழுந்தது. எரிகிறது என்று அவளுக்குத் தெரிந்தும், கண்ணில் சோப்புப் பட்டால் எரிவது போலத்தான் இருக்கும் என்று நினைத்து, மழை விடும்வரை மூடியை இறக்கவில்லை. மற்ற நால்வருக்கும் கையிலும் காலிலும் சில கொப்புளங்கள். என் மகளுக்கு நெற்றியும் கழுத்தும் வெந்து, இரண்டு கண்களும் மூடிக்கொண்டன.

நான் ஆரோக்கிய நிலையத்துக்கு ஓடிப் போனபோது நர்ஸ் அவள் கண்களைக் கழுவிக் கட்டுப் போட்டிருந்தார். வெர்லின் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று மிஸ் பிரெஸ்காட், “வளையம் இல்ல, நானும் பாத்தேன், சத்தியமா இல்ல” என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக் காலை எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள் என்று எனக்கு உடனே தோன்றியது. மகளுக்கு இரவுச்சட்டை எடுத்துவருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குப் போனேன். சட்டையை எடுக்கவில்லை, தொட்டியின் கீழே இருந்த டின்னை எடுத்தேன். ஐந்து மணிக்குக் குடாவுக்குப் போய், ஆறே கால் மணிக்குள் பதினான்கு மரங்களுக்கும் வளையம் பூசினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு என் மகள் படுத்திருந்த நேரம் அது. பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியாக நான் பூசியதில்லை.

திரும்பி வந்ததும், “சட்டை எங்க?” என்று வெர்லின் கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். அவள் என் கட்டைவிரலில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அன்றிலிருந்து இன்றுவரை கேட்கவில்லை.

என் காலடிச் சத்தத்தை வைத்துக் கெசியா, “டாடி?” என்றாள். “டாடி, வளையம் இல்ல. நான் சுத்திப் பாத்தேன்.”

“இருந்துச்சு, செல்லம். அவசரத்துல பாத்திருக்க மாட்ட” என்றேன்.

“ரெண்டு பக்கமும் பாத்தேனே.”

“மழையில கண்ணு தெரிஞ்சிருக்காது.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பாள். பதிமூன்று சேவல் கூவிய வரிசையை எழுதி வைத்த பிள்ளை. “சாரி டாடி. உன் வளையத்த நான் பாக்காம விட்டுட்டேன்” என்றாள்.

மறுநாள் அவளைப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் படகில் ஏறுமுன், கார்ப்பரல் குடாவைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்தார்.

“எல்லாத்துலயும் வளையம் இருக்கே. பளிச்சுன்னு இருக்கே, கேக்கு?”

“இந்த மாசம்தான் பூசினேன்” என்றேன்.

அன்று ஜூன் 29. இந்த மாதம்தான். இதைவிடக் கேவலமான உண்மையை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

மூன்று நாள் கழித்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது கண் திறந்துவிட்டது. இடது கண்ணில் மூடி போட்டிருக்கிறது. அதில் பார்வை தெளியுமா என்பதை மாதக் கடைசியில்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் மிஸ் பிரெஸ்காட் கவனிக்காமல் விட்டார் என்றும், அதை மறைக்க வளையம் இல்லை என்று பொய் சொல்கிறார் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 3, புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, வளையத்தைப் பற்றி மறுபடியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள். கேக்கோடு கடலில் விழுந்த கதையைக்கூட நடுவில் சொன்னேன், பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் எல்லோரும் என் பாட்டைச் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் மகளும் சொன்னாள். ‘வளையம் இல்லை, ஒட்டி நில்.’ பின்னால் இருந்து யாரோ, “கேக்கோட மகளுக்கே வளையம் தெரியல, டோய்!” என்றார்கள். கெசியா எழுந்து நின்று, “ஆமா. நான்தான் பாக்கல. எல்லார்கிட்டயும் சாரி” என்றாள். அப்போது கதவருகே நின்றிருந்த மிஸ் பிரெஸ்காட், “நீ பாத்தது சரிம்மா. வளையம் இல்ல” என்றார். “பெரிய தீவுக்காரிக்கு வளையம்னா காதுல போடறதுதான் தெரியும்” என்று ஒரு தாயார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் பிரெஸ்காட் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த சாக்குக்கட்டிப் பெட்டியைப் பார்த்தேன். அதில் ஏழு வெள்ளையும் ஒரு சிவப்பும் இருந்தன.

நாளைச் செவ்வாய்க்கிழமைப் படகில் மிஸ் பிரெஸ்காட்டை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று நேற்றுக் கோயிலில் கேள்விப்பட்டேன். இன்று காலை கார்ப்பரல் என்னை வரச்சொன்னார். வெர்லின் படகுத்துறையில் வியாபாரத்தில் இருப்பதால் கெசியாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு கண்ணில் நடக்க அவளுக்கு இன்னும் பழகவில்லை, பள்ளம் தெரியாமல் காலை வைக்கிறாள். வழியில், “டாடி, போலீசு என்னையும் கேப்பாங்களா?” என்றாள். கேட்கமாட்டார்கள் என்றேன். “கேட்டா நான்தான் பாக்கலன்னு சொல்லிடறேன். என்னாலதான மிஸ்ஸ வீட்டுக்கு அனுப்பறாங்க?” என்றாள்.

“படி இருக்கு, பாத்து ஏறு” என்றேன். அவள் ஏறினாள்.

ஆகவே நான் சொல்வது இது. பெலிக்கன் குடாவின் பதினான்கு மரங்களில் இருந்த வளையங்களை ஜூன் 3ஆம் தேதி மூடியவன் நான். ஜூன் 28ஆம் தேதி மாலை, நடந்ததை மறைப்பதற்காக மறுபடி பூசியவனும் நான். இடைப்பட்ட நாட்களில் அங்கே வளையம் இல்லை. மிஸ் பிரெஸ்காட் சொன்னது உண்மை. என் மகள் கெசியா ஒலிவியேர் மரத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் பார்த்தது சரி. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் செய்தாள். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. கார்ப்பரல் என் உறவு என்பதால் ஒரு சலுகையும் கேட்கவில்லை. இதில் கண்டவை அத்தனையும் நடந்தவை, என் கையால் எழுதியவை. கூட்டியது ஒன்றும் இல்லை. குறைத்தது இருந்தால் அது வெட்கத்தால் குறைந்தது.

ஹயசிந்த் ஒலிவியேர் (கேக்)

கையெழுத்துக்குப் பின் சேர்த்துக்கொள்வது: கார்ப்பரல் தாள்கள் ஏழையும் வாங்கி மனதுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். எழுதியவன் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், அது விதி என்றார். ஜன்னலுக்கு வெளியே இரண்டடி தள்ளி இருக்கும் பெஞ்சில் கெசியா உட்கார்ந்திருக்கிறாள். அம்மா கோயிலுக்குப் போட்டுப்போகும் கறுப்புக்கண்ணாடி அவள் மூக்கிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்குகிறது. அவள் காதில் விழாமல் இங்கே எதையும் படிக்க முடியாது. பத்து நாளாக நான் அவளிடம் என் வாயால் சொல்லாததை இன்னொருவர் வாய் சொல்லப்போகிறது, அது எனக்குத் தெரிகிறது. கார்ப்பரல் எழுந்து ஜன்னல் கொக்கியில் கை வைத்து, “சாத்தட்டுமா, கேக்கு?” என்று கேட்டார்.

சாத்துங்கள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஹ. ஒ.